வெள்ளி ஓவர்லே கண்ணாடிப் பாத்திரங்கள்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

காவிரி டெல்டாவில் ஒரு பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போதோ விற்கும்போதோ பித்தளை, வெண்கலம், வெள்ளி, தேக்கு எல்லாம் முதல் நாளே கணக்கில் ஏறிவிடும். தராசில் வைக்கக்கூடிய பொருளுக்கு எப்போதும் ஆள் தயாராக இருக்கிறது. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும் கிண்ணம், ஜாடி, கால் வைத்த தட்டு இவைதான் கேட்பாரற்றுக் கிடக்கும். கடைசியில் யாராவது ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டுப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குள் கண்ணாடியின் மேல் வெள்ளிக் கொடியும் பூவும் படர்ந்த உருப்படி ஒன்று இருந்தால், அதை அடையாளம் தெரிந்து எடுத்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

இந்த வகைக்கு சில்வர் ஓவர்லே என்று பெயர். மேலைநாடுகளில் 1890 முதல் 1950-கள் வரை நிறையச் செய்தார்கள். பரிமாறும் பாத்திரங்கள்தான் அதிகம்: நடுவில் கைப்பிடி நிற்கும் சாண்ட்விச் தட்டு, அறை அறையாகப் பிரித்த ஊறுகாய்த் தட்டு, மூடி போட்ட மிட்டாய்க் கிண்ணம், கேக் தட்டு, பால்-சர்க்கரை ஜோடி, எண்ணெய்க் குடுவை, தண்ணீர் ஜாடி, மதுக்குடுவை.

நம் பக்கத்துக்கு இவை எப்படி வந்தன என்பது அந்தந்த வீட்டின் கதை. வந்திருக்கக்கூடிய வழிகளோ பழக்கமானவை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போய்வந்த காலம் நீண்டது. 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை இன்றும் பேச்சில் எடுக்காத பெரியவர்கள் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் குறைவு. சபுராளிகள், அதாவது கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்கள், திரும்பி வரும்போது கொண்டுவந்த பெட்டிகளில் துணியும் சென்ட்டும் மட்டுமில்லை, கண்ணாடிச் சாமானும் இருந்தது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து, அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போய் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய குடும்பங்களும் உண்டு. மிராசுதார் வீடுகளில் துரைமாருக்கு விருந்து வைப்பதற்கென்றே தனி அலமாரி வைத்திருந்தார்கள். எனவே தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எடையை மறந்துவிடுங்கள்

நம் ஊரில் வெள்ளி என்றதும் கை தராசைத் தேடும். இந்தப் பொருளில் அந்தப் பழக்கம் நஷ்டத்தில்தான் கொண்டுபோய் விடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தட்டின் மேல் வெள்ளி படர்ந்த பரப்பு மொத்தம் 100 சதுர செ.மீ., அதன் தடிமன் 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பருமன் அரை கன செ.மீ. வரும். வெள்ளியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 10.5 கிராம். ஆக, தட்டில் இருப்பது ஐந்தேகால் கிராம் வெள்ளி. அதைக் கண்ணாடியிலிருந்து உரித்து, உருக்கி, கழிவு போக எடுத்தால் கூலிக்குக்கூடக் கட்டாது. வெள்ளிக்கடையில் "இதுல ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தொழிலுக்கு அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது வேலைப்பாட்டுக்கும், காலத்துக்கும், கண்ணாடியும் வெள்ளியும் பழுதில்லாமல் இருப்பதற்கும்.

எப்படிச் செய்தார்கள்

செய்முறை தெரிந்தால் அடையாளம் காண்பது பாதி முடிந்த மாதிரி. தஞ்சாவூர் தட்டு செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம்: வெள்ளித் தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவம் எழுப்பி, பிறகு அதை உலோகத் தட்டின் மேல் பதிப்பார்கள். அங்கே தகடு தனியாக உருவாகிறது. ஓவர்லேயில் தகடே கிடையாது. வெள்ளி கலந்த ஒரு குழம்பால் கண்ணாடியின் மேல் பூவும் கொடியும் வரைவார்கள். அதைச் சூளையில் சுட்டால் குழம்பு கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிறகு வெள்ளிக் கரைசலில் இறக்கி மின்சாரம் செலுத்தினால், வரைந்த இடத்தில் மட்டும் வெள்ளி மெல்ல மெல்லப் படிந்து தடிக்கும். வேண்டிய கனம் வந்ததும் வெளியே எடுத்து மெருகேற்றி, உளியால் இதழ் நரம்பும் இலைக்கோடும் கீறுவார்கள்.

இங்கிலாந்தில் 1880-களின் கடைசியில் எரார்ட் என்பவரும், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் 1893-ல் ஜான் ஷார்லிங்கும் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு முன்பும் கண்ணாடிக்கு வெள்ளி பூட்டினார்கள். ஆனால் அது கையால் பொருத்திய சட்டம்தான். கண்ணாடியோடு ஒட்டி வளர்ந்த படிவு அல்ல.

முதல் படி: மற்றவற்றிலிருந்து பிரிப்பது

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நான்கு வகைகளை முதலில் ஒதுக்கிவிட வேண்டும்.

வெள்ளிப் பட்டை பூட்டிய கண்ணாடி முதலாவது. வாய் விளிம்பிலோ கழுத்திலோ வெள்ளி வளையம் மாட்டியிருப்பார்கள். வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெள்ளைப் பசையோ சிறு இடைவெளியோ தெரியும். இதுவும் மதிப்புள்ளதுதான், ஆனால் வேறு கணக்கு. பிரிட்டிஷ் முத்திரை பெரும்பாலும் இதில்தான் கிடைக்கும்: நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் (92.5 சதவீத வெள்ளி), நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரையிட்டது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில்.

அடுத்தது, கண்ணாடிக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும் உலோகக் கூடை அல்லது தாங்கி. ஈ.பி.என்.எஸ். என்று எழுதியிருந்தால் நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம். வெறும் ஜெர்மன் சில்வர் என்றால் அதில் வெள்ளியே கிடையாது.

மூன்றாவது, இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே ரசம் பூசியது. முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும். தடவினால் வழவழப்பான கண்ணாடிதான் விரலில் படும்.

நான்காவதுதான் பலரையும் குழப்புவது: வெள்ளி நிறப் பூச்சு அல்லது பிளாட்டினக் கரை. டம்ளர் வாயில் வெள்ளிக்கோடு, கிண்ணத்தில் அச்சடித்த பூ. பழையதாக இருக்கலாம், அழகாகவும் இருக்கலாம், ஆனால் ஓவர்லே அல்ல.

இரண்டாம் படி: நகம், வெளிச்சம், லென்ஸ்

மேசையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பகல் வெளிச்சம் போதும். பாத்திரத்தை அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள். நடுக் கைப்பிடியையோ மூடியின் குமிழையோ பிடித்துத் தூக்க வேண்டாம். பழைய பொருளில் முதலில் உடைவது அதுதான்.

இப்போது கண்ணாடியிலிருந்து வெள்ளியை நோக்கி நகத்தை மெல்ல நகர்த்துங்கள். உண்மையான ஓவர்லே என்றால் விளிம்பில் நகம் தட்டி நிற்கும். ஒரு மெல்லிய படி ஏறுவது போல இருக்கும். அச்சிட்ட பூச்சில் நகம் தடையில்லாமல் வழுக்கிப் போகும். என்னைக் கேட்டால் எல்லாச் சோதனையிலும் இதுதான் முதன்மையானது, காசும் செலவில்லை.

அடுத்து பாத்திரத்தைத் திருப்பி, கண்ணாடியின் பின்பக்கம் வழியாக அதே பூவைப் பாருங்கள். மேலே வெள்ளி மினுமினுக்கும். பின்னாலோ மங்கலான வெண்மை அல்லது சாம்பல் நிறம் தெரியும். முதலில் வரைந்து சுட்ட குழம்பின் நிறம் அது. முன்னும் பின்னும் ஒரே கண்ணாடிப் பளபளப்பு என்றால் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு லென்ஸ். நகைப் பத்தர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும். இலை நரம்புகளையும் இதழ் மடிப்புகளையும் அதில் பாருங்கள். உளி கீறிய கோடு ஒரு முனையில் மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் அகன்று, மறு முனையில் கூராக முடியும். ஒரு பூவின் கோடும் பக்கத்துப் பூவின் கோடும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. எல்லாப் பூவும் ஒரே மாதிரி, கோட்டுக்குள் புள்ளி புள்ளியாக நிறம் என்றால் அது அச்சு. உளிக்கோடே இல்லாத நல்ல ஓவர்லேயும் உண்டு. பிற்காலத்து மலிவு வகைகளில் வெறும் வெட்டுருவம் மட்டும் இருக்கும். அது போலி ஆகாது, மதிப்பு மட்டும் குறையும்.

கறுப்பைப் பாருங்கள். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். இடுக்குகளில் மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று படிந்திருந்தால் நல்ல அறிகுறி. பிளாட்டினமும் வெள்ளிப் பெயின்ட்டும் அப்படிக் கறுக்காது. அதற்காகக் கறுக்காத எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது: லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷ் அடித்தவையும் ரோடியம் என்ற கறுக்காத உலோகம் பூசியவையும் பளிச்சென்றே இருக்கும். அப்போது நகமும் பின்பக்கமும் சொல்வதை நம்புங்கள்.

உரைகல்லில் தேய்ப்பது, அமிலச் சொட்டு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். இவ்வளவு மெல்லிய படிவில் ஒரு சொட்டு அமிலம் நிரந்தர வடு. நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாம், பொருளுக்குச் சேதமில்லை. ஆனால் வெள்ளி மெல்லியது என்பதால் கீழே இருக்கும் கண்ணாடியின் ஈயமும் சேர்ந்து பதிவாகலாம். திரையில் வரும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் அந்த விடை போதும்.

மூன்றாம் படி: முத்திரை தேடுவது

அடிப்பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. ஓவர்லேயில் முத்திரை பெரும்பாலும் வெள்ளியின் மேலேயே இருக்கும்: ஒரு கொடியின் வளைவுக்குள், பூவின் காம்பில், விளிம்புப் பட்டையின் ஓரத்தில், எறும்பளவு எழுத்தில். லென்ஸை வைத்துக்கொண்டு கொடியின் அடியிலிருந்து நுனிவரை போக வேண்டும்.

ஸ்டெர்லிங் என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க வேலை, 92.5 சதவீத வெள்ளி என்று பொருள். 999/1000 என்ற எண் கண்ணில் பட்டால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அமெரிக்காவின் ஆல்வின் நிறுவனம் தன் ஓவர்லேயில் இப்படித் தூய வெள்ளி என்று குறித்தது. 1900-ஐ ஒட்டிய நல்ல வேலைகள் அவர்களுடையவை. 1000/1000 என்று இருந்தால் ஜெர்மனியைச் சந்தேகியுங்கள். அங்கே ஷ்வாபிஷ் க்முண்ட் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது, டாய்ஷ் நிறுவனம் அங்கே இருந்தது. ஜெர்மானியர்கள் கண்ணாடியைவிடப் பீங்கானில்தான் அதிகம் செய்தார்கள்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊருக்கு வெள்ளி நகரம் என்றே பட்டப்பெயர். ராக்வெல், சில்வர் சிட்டி என்ற இரண்டு நிறுவனங்கள் அங்கே இருந்தன. அவர்கள் கண்ணாடி ஊதவில்லை. ஹெய்சி, கேம்பிரிட்ஜ், ஃபோஸ்டோரியா போன்ற கண்ணாடி ஆலைகளிலிருந்து வெற்றுப் பாத்திரத்தை வாங்கி, மேலே வெள்ளி வேலை செய்தார்கள். அதனால் ஒரே பொருளில் இரண்டு முத்திரை இருக்கலாம்: வெள்ளியில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. வைரக்கட்டத்துக்குள் எச் என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் புடைத்துத் தெரிந்தால் ஹெய்சி. அந்த ஆலை 1957-ல் மூடப்பட்டது, எனவே பாத்திரம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. இப்படிக் கண்ணாடியை வைத்தே காலத்துக்கு ஒரு எல்லை கட்டலாம்.

முத்திரையே இல்லாத நல்ல பொருள்களும் ஏராளம். தேய்த்துத் தேய்த்து அழிந்திருக்கலாம், ஒட்டிய காகிதம் உதிர்ந்திருக்கலாம், போடாமலே விட்டிருக்கலாம். முத்திரை இல்லை என்பதற்காக விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், பொருளை ஒதுக்கக் கூடாது.

நான்காம் படி: காலம்

வடிவமே காலத்தைச் சொல்லிவிடும். 1890 முதல் முதலாம் உலகப்போர் வரை வந்தவற்றில் சாட்டை போல வளைந்து நெளியும் கொடிகள், அல்லிப் பூ, ஐரிஸ் பூ. வெள்ளி கனமாக இருக்கும், பாத்திரத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும், உளிவேலை அடர்த்தி. கண்ணாடி பச்சை, ஊதா, நீலம், செம்மாணிக்க நிறம். 1920-30களில் கோணங்களும் நேர்க்கோடுகளும் வந்தன. கறுப்புக் கண்ணாடி மேல் வெள்ளி என்பது அந்தக் காலத்து நாகரிகம். 1940-50களில் தெளிந்த கண்ணாடியில் ரோஜாவும் பாப்பி மலரும், மெல்லிய வெள்ளி, பரப்பு குறைவு. நம் பக்கத்து வீடுகளில் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது இந்தக் கடைசி வகைதான்.

ஐந்தாம் படி: சேதம் பார்ப்பது

விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் இந்தப் படிதான். இதற்கு மட்டும் நேரம் தாராளமாகக் கொடுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நடுக் கைப்பிடி வைத்த தட்டு ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். "எங்க மாமனார் பினாங்குலேர்ந்து கொண்டாந்தது தம்பி. நிச்சயதார்த்தம், வளைகாப்பு எதுன்னாலும் வெத்தலை பாக்கு இதுலதான் வைப்போம்" என்றார் அந்த அம்மா. தட்டின் ஓரம் முழுக்க ரோஜாக் கொடி. வெளி ஓரத்துப் பூக்களில் இதழ்க்கோடு துல்லியமாக இருந்தது. கைப்பிடியைச் சுற்றிய பூக்களில் கோடு ஏறத்தாழ மறைந்து, பூ வெறும் வெள்ளைத் திட்டாக நின்றது. தட்டின் கீழே ஜன்னல் வெளிச்சம் விழும்படி பிடித்தபோது அந்தத் திட்டுகளில் ஊசிமுனை அளவு துளிகளாக வெளிச்சம் கசிந்தது. எதைப் போட்டுத் துலக்குவீர்கள் என்று கேட்டேன். "விபூதிதான், வேற என்ன? பூஜை வெள்ளியோட சேத்துத் தேச்சுடுவோம்." கனமான குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் தலைமுறை தலைமுறையாகத் திருநீற்றைத் தாங்கும். இந்தப் படிவு தாங்காது. கைபடும் இடத்தில், அடிக்கடி தேய்க்கும் இடத்தில், முதலில் உளிக்கோடு போகும், பிறகு வெள்ளியே போகும்.

ஆகவே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். துளித்துளியாக ஒளி தெரிந்தால் படிவு தேய்ந்துவிட்டது. கொடியின் நுனி திடீரென்று அறுந்து நின்றால் அங்கே வெள்ளி உரிந்து விழுந்திருக்கிறது. கண்ணாடியில் மங்கலான நிழலாக அதன் தடம் தெரியும். விளிம்பு எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் பஞ்சை அதன் மேல் மெல்ல இழுங்கள், நூல் மாட்டும். தூக்கிய இடம் நாளாக ஆக இன்னும் உரியும்.

கண்ணாடிக்கு விரல்தான் கருவி. வாய் விளிம்பு, அடி விளிம்பு, மூக்கு, மூடியின் உட்பக்கம் எல்லாவற்றையும் விரல்நுனியால் சுற்றி வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். விரிசல் வெள்ளிக்கு அடியில் ஒளிந்திருக்கும். எனவே உள்பக்கத்திலிருந்தும் பாருங்கள். குடுவைகளின் அடியில் பால் போன்ற வெண்படலம் இருந்தால், வெந்நீரில் போகும் கறையா, கண்ணாடியே அரித்துப்போனதா என்று பார்க்க வேண்டும். நனைத்தால் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் பெரும்பாலும் அரிப்பு, வீட்டில் சரியாகாது. மூடி அதே பாத்திரத்துக்கு உரியதா என்பதையும் பாருங்கள். மூடியிலும் உடலிலும் ஒரே பூ, ஒரே கை உளி, ஒரே அளவு கறுப்பு இருக்க வேண்டும்.

தரத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள். உளிக்கோடு கூர்மையாக, உரிவு இல்லாமல், கண்ணாடி முழுசாக இருந்தால் முதல் தரம். கோடு மங்கி, ஆனால் வெள்ளி அறாமல், கண்ணாடியில் ஓரிரு பொடிச் சில்லு என்றால் நடுத்தரம். வெள்ளி உரிந்தது, விரிசல் ஓடியது, மூடி தொலைந்தது கடைத்தரம். மன்னார்குடித் தட்டு நடுத்தரத்தில் வைக்க வேண்டியது. அந்த வீட்டு மனிதர்களுக்கு அதன் மதிப்பு என்ன என்பது வேறு. அதை விற்க வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறாம் படி: விலை

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. விற்று முடிந்ததைத்தான் பார்க்க வேண்டும். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. ஏலக் கூடங்களும் பழைய ஏல முடிவுகளை வைத்திருக்கின்றன. நிறுவனம், பூ, நிறம், அளவு, நிலை எல்லாம் உங்கள் பொருளோடு ஒத்துவரும் விற்பனைகளைத் தேடி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதை எடுங்கள்.

அமெரிக்கச் சந்தையில் 1940-50களின் தெளிந்த கண்ணாடித் தட்டும் மிட்டாய்க் கிண்ணமும் நல்ல நிலையில் பெரும்பாலும் 20 முதல் 60 டாலருக்குள் முடிவதைப் பார்க்கலாம். 1900-ஐ ஒட்டிய, கனமான உளிவேலை உள்ள பச்சைக் குடுவையும் ஜாடியும் சில நூறு டாலருக்குப் போகும். சிவப்புக் கண்ணாடி அரிது, ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள். நிறமும் காலமும் உளிவேலையும் சேர்ந்துதான் அந்த ஏணியில் ஏற்றுகின்றன. இரண்டிலும் உள்ள வெள்ளி எடையை ஒப்பிட்டால் இந்த வித்தியாசத்துக்குப் பதில் கிடைக்காது.

அந்தத் தொகையை ரூபாயாக்கி அப்படியே நம் ஊரில் எதிர்பார்க்க முடியாது. இங்கே இதைத் தேடி வாங்குபவர்கள் கொஞ்சம் பேர். தஞ்சாவூர், கும்பகோணத்துப் பழைய பொருள் வியாபாரிகள் சுவாமி விளக்கையும் பித்தளையையும் அறிந்த அளவுக்கு இதை அறிந்திருப்பது அரிது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய ஐரோப்பியக் கண்ணாடி, பீங்கான் புழங்குகிறது. டெல்டாவிலிருந்து போகும் பொருளும் அங்கே சேரும். முதலில் அங்கே போய் இதுபோன்றவற்றுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று வாங்குபவராகக் கேளுங்கள். அடுத்து உங்கள் பொருளின் படத்தைக் காட்டி என்ன தருவார்கள் என்று கேளுங்கள். கடைக்காரருக்கு வாடகையும் லாபமும் வேண்டும், எனவே அவர் தருவது அவர் விற்பதில் பாதியாக இருந்தால் கோபிக்க நியாயமில்லை. கால்வாசிக்கும் கீழே போனால் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

ஜோடி ஜோடியாக இருப்பவற்றைப் பிரிக்காதீர்கள். பாகம் பிரிக்கும்போது பால் ஜாடி அண்ணன் வீட்டுக்கும் சர்க்கரைக் கிண்ணம் தங்கை வீட்டுக்கும் போனால் இரண்டுமே அரைகுறைதான். ஒருவருக்கே முழுசாகக் கொடுத்து, மற்றவருக்கு வேறொன்றால் ஈடு செய்வது நல்லது.

சட்டம் ஒன்று

1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலை வேலைப்பாட்டுப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதியில்லை. அவற்றை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பொருள் வெளிநாட்டில் செய்தது என்பதால் மட்டும் தப்பித்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1950-ல் செய்த தட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1900-ஐ ஒட்டிய குடுவைக்கு உண்டு. வெளிநாட்டு வாங்குநர் நல்ல விலை சொன்னாலும், காலத்தை உறுதி செய்யாமல், தொல்லியல் துறையிடம் கேட்காமல் தபாலில் போடாதீர்கள்.

துலக்குவது, வைப்பது, அனுப்புவது

திருநீறு, புளி, பல்பொடி, எலுமிச்சை, பாத்திரம் கழுவும் நார் எதுவும் ஆகாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் என்று கைப்பேசியில் சுற்றும் வைத்தியமும் ஆகாது: சூடு பழைய கண்ணாடியை வெடிக்க வைக்கும், உளிக்கோட்டுக்குள் நின்று பூவுக்கு உயிர் கொடுக்கும் கறுப்பையும் எடுத்துவிடும். வெள்ளியை முக்கி எடுக்கும் திரவமும் அப்படித்தான்.

வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுத் திரவச் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. அடியில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் வைத்துக் கழுவுங்கள். உடனே ஒற்றி எடுத்து நன்றாக உலர விடுங்கள். கறுப்பு அதிகமாக இருந்தால் மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் மென்மையான கால்சியம் கார்பனேட் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, பஞ்சால், கொடியின் போக்கிலேயே மெல்லத் தடவுங்கள். தூக்கிய விளிம்பின் பக்கமே போகாதீர்கள். வேலைப்பாட்டின் பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பு தங்கட்டும். பூ எடுப்பாகத் தெரிவதே அதனால்தான்.

பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. வெற்றிலை, மிட்டாய், முந்திரி, பழம் வைக்கலாம். ஊறுகாய், உப்பு, முட்டை, எலுமிச்சை வேண்டாம்: உப்பும் புளிப்பும் அரிக்கும், முட்டையின் கந்தகம் கறுக்க வைக்கும். ஈயக் கண்ணாடியாக இருக்கக்கூடும் என்பதால் குடிக்கும் எதையும் குடுவையில் நாள்கணக்கில் ஊற்றி வைக்க வேண்டாம்.

நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் ஈரமும் உப்புக்காற்றும் ஜாஸ்தி. துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ரப்பர் பேண்டு, கம்பளி, செய்தித்தாள் மூன்றும் அருகே வரக் கூடாது. ரப்பர் பேண்டு பட்ட இடத்தில் வெள்ளி கறுத்துக் கோடு விழும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: கறுப்புத் துணி மேல் முழு உருவம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது; முத்திரை; சேதம் இருக்குமிடம். எந்த ஊரிலிருந்து, யார், ஏறக்குறைய எப்போது கொண்டுவந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். பழைய கல்யாணப் புகைப்படத்தில் அதே தட்டு தெரிந்தால் அதன் நகலையும் சேருங்கள். வாங்குபவருக்கு அது வலுவான சான்று.

பஸ்ஸிலோ பார்சலிலோ அனுப்புவதானால் மூடியைப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கட்டாதீர்கள். தனித்தனியாகத் துணியில் சுற்றி, அதற்கு மேல் குமிழிப் பிளாஸ்டிக். குமிழி வெள்ளியில் நேரடியாகப் படக் கூடாது. நடுக் கைப்பிடித் தட்டு என்றால் கைப்பிடியைச் சுற்றி நான்கு பக்கமும் துணி உருண்டை அடைத்து, கைப்பிடி நுனிக்கும் பெட்டியின் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, இடுக்கெல்லாம் காகித உருண்டையால் நிரப்புங்கள். மூடிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒன்றும் நகரக் கூடாது.